றம்லாவின் எட்டு நிமிட இருட்டு

றம்லா மின்குமிழை அணைத்தபோது வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரை மணி. வெளியே முள்ளியவளை வெயில் மண்ணை வறுத்துக்கொண்டிருந்தது. ஒழுங்கையில் பாதிப் பேர் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்தார்கள். மீதிப் பேர் குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் நின்ற சின்னச் சாமான் அறைக்குள், தன் கையைத் தானே காண முடியாத இருட்டு.

அசையாமல் ஐந்து நிமிடம் நின்றாள். கண் பழகப் பழகத்தான் கள்ள வெளிச்சம் தெரியும். சன்னலுக்கு இரண்டு கம்பளி ஆணியடித்திருந்தாள். கதவின் உட்பக்கம் இன்னொன்று தொங்கியது. கதவின் அடியில் பாயைச் சுருட்டி வைத்திருந்தாள். இருந்தும் ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில் ஓர் ஊசித் துவாரம் நட்சத்திரம் போல் மின்னியது. தடவித் தடவி நெல் மூட்டைமேல் ஏறி, அதற்குள் ஈரத் துணியைத் திணித்தாள். நட்சத்திரம் செத்தது.

அவள் கையில் ஒரு மரக் கூடு இருந்தது. பள்ளிக்கூடத்துச் சிலேட்டைவிடச் சற்றுச் சிறியது. அதற்குள் நாலங்குல அகலமும் ஐந்தங்குல நீளமுமான ஒரேயொரு பிலிம் தாள். அந்தத் தாளுக்குள் அவளுடைய கணவர் மஹ்றூப் இருக்கிறார்.

இருக்கிறாரா? அதை அறியத்தான் இவ்வளவும்.

வாழ்நாள் முழுவதும் ஊரைப் படம் பிடித்த மனிதருக்கு முகம் தெரிய ஒரு படம் இல்லையென்றால் யார் நம்புவார்கள்? ஆனால் அதுதான் உண்மை. அடையாள அட்டையில் இருபத்திரண்டு வயது மீசைக்காரர் ஒருவர் முறைத்துக்கொண்டிருக்கிறார். மகள் ஷிஹானாவின் கல்யாணக் கூட்டப் படத்தில் கடைசி வரிசையில் ஒரு தொப்பி மட்டும் தெரிகிறது. யாராவது கைத்தொலைபேசியை உயர்த்தினால் மனிதர் உடனே முகத்தைத் திருப்பிவிடுவார். “படம் எடுக்கிறவன்ரை முகத்தை ஆர் பாக்கிறது?” என்று சிரிப்பார். ஷிஹானா வவுனியாவில் மாதம் நிறைந்து இருக்கிறாள். “உம்மா, பிள்ளை பிறந்தா என்ரை வாப்பா எண்டு எதைக் காட்டுறது?” என்று போனில் அவள் கேட்ட கேள்வி றம்லாவின் நெஞ்சில் முள்ளாய்க் குத்தி நின்றது.

எட்டு வயதில், வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, முல்லைத்தீவிலிருந்து கையில் ஒரு பையோடு எழுப்பப்பட்டவள் றம்லா. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தாள். அங்கேதான் தையல் பழகினாள், அங்கேதான் ஸ்டூடியோவில் வேலை செய்த மஹ்றூப்பைக் கட்டினாள். ஊருக்குத் திரும்பி வந்தபோது லொறியில் அவளுடைய தையல் மெசினும், அவருடைய மரப்பெட்டிக் கமெராவும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. வயிற்றுப்பாட்டுக்கு அவர் டிஜிட்டலில் கல்யாணம் எடுத்தார். மனதுக்கு மட்டும், இரண்டு மாதத்துக்கு ஒரு தாள், அந்தப் பெரிய பெட்டியில். பெட்டியை முக்காலியில் ஏற்றி, தலையில் கறுப்புத் துணி போட்டுக் குனிந்தால் அரைமணித்தியாலம் நிமிர மாட்டார்.

ஐந்து மாதத்துக்கு முன் ஒரு நாள் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்புத்துரையின் வயலுக்குப் போனார். திரும்பி வந்து கூட்டை அலுமாரிக்குள் வைத்தார். அன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து கதிரையில் இருந்தவர், இருந்தபடியே மௌத்தாகிவிட்டார். தண்ணீர் கேட்கவில்லை. றம்லாவின் பெயரைக் கூடச் சொல்லவில்லை.

நாலு மாதமும் பத்து நாளும் அவள் கணவனை இழந்தவர்கள் இருக்கும் இத்தா இருந்தாள். அந்நிய ஆண் முகம் பார்க்காமல், வாசல் தாண்டாமல். இத்தா முடிந்த மறுநாள், பக்கத்து வளவு அப்புத்துரை வேலிக்கு அங்கால் நின்று தொண்டையைச் செருமினார்.

“பிள்ளை, உனக்கொண்டு சொல்ல வேணும். மஹ்றூப் அண்டைக்கு வயலுக்கு வந்தவர் எல்லே, அவர் என்னைப் படம் பிடிக்கேல்லை. தான் போய் வரம்பிலை நிண்டுகொண்டு என்னைக் கமெராவை அமத்தச் சொன்னவர்.”

றம்லா வேலிக்குக் கிட்ட வந்தாள். “அமத்தினியளா அண்ணை?”

“அமத்தினன். ஆனா நேரம் பிழைச்சுப் போட்டுது போலை கிடக்கு. எனக்கு நெல்லு விதைக்கத் தெரியும், உது தெரியாது. அதுக்குள்ளை ஒண்டும் விழுந்திராது. நாலு மாசமா இது என்னைத் தின்னுது, அதுதான் சொல்லிப்போட்டன்.”

அப்புத்துரையும் விமலேஸ்வரியும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேற்றத் திட்டத்துக் காணியில் வயல் செய்பவர்கள். இத்தா காலம் முழுவதும் விமலேஸ்வரிதான் கீரையும் மீனும் கொண்டுவந்து குசினி வாசலில் வைத்தவர். அந்த நல்ல மனிதர் அப்புத்துரையிடம் ‘நான் பிலிமைக் கழுவிப் பார்க்கப் போறன்’ என்று எப்படிச் சொல்வது? கழுவி, வெறும் தாளாய் வந்தால்? அந்தப் பழியை அவர் சாகும்வரை சுமப்பாரே! றம்லா யாரிடமும் மூச்சு விடவில்லை. அதுதான் அவள் செய்த பிழை.

ஒரு வாரம் பழகினாள். கெட்டுப்போன பழைய தாளொன்றைக் கையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, மூலையில் இருக்கும் வெட்டுக் குறியை விரலால் தேடினாள். குறி வலக்கை மேல்மூலையில் இருந்தால் மருந்து பூசிய பக்கம் முகத்தைப் பார்க்கும். மஹ்றூப்பின் கொப்பியைப் பார்த்து மருந்துப் பொடியைக் கரைத்தாள். இந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர் உப்புப் படியும், ஆகவே கானில் விற்கும் குடிதண்ணீர். இந்த ஊர் வெக்கையில் மருந்து வெறி பிடித்ததுபோல் வேலை செய்து படத்தைக் கரியாக்கிவிடும், ஆகவே மீன் கடையில் வாங்கிய ஐஸ். இன்றைக்கு, மின்குமிழை அணைக்க முந்தி, வெப்பம் பார்க்கும் கண்ணாடிக் குழாயில் இருபத்துநாலு பாகை காட்டியதும் ஐஸ் பொதியை வெளியே எடுத்தாள். இனித் தாமதிக்க முடியாது. இருபது நிமிடத்தில் வெக்கை திரும்ப ஏறிவிடும்.

மூன்று ஐஸ்கிரீம் பெட்டிகள். இடப்பக்கம் படத்தை எழுப்பும் மருந்து. நடுவில் வினாகிரி கலந்த தண்ணீர். வலப்பக்கம் படத்தை நிறுத்திப் பிடிக்கும் மருந்து. அந்த மூன்றாவது பெட்டிக்குள் தாள் போய்ச் சேரும்வரை ஒரு தீக்குச்சி வெளிச்சம் பட்டாலும் மஹ்றூப் இல்லை.

போனை அணைத்துத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு வந்திருந்தாள். ஒருமுறை அவர் தாள் கழுவும்போது சட்டைப்பையில் கிடந்த போன் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி அறை முழுக்க வெளிச்சம் போட்டது. “தொழுகையை விட்டா இப்பிடித்தான்” என்று அன்றைக்கு அவளே நக்கலடித்தாள். ஆகவே நேரம் பார்க்க மணிக்கூடும் இல்லை, போனும் இல்லை. தொண்ணூற்றொன்பது மணித் தஸ்பீஹ் மாலை ஒன்று இடக்கையில். ஒரு மணிக்கு ஒரு சுப்ஹானல்லாஹ், ஒரு விநாடி. ஐந்து சுற்று முடிந்தால் எட்டு நிமிடம்.

“பிஸ்மில்லாஹ்.”

கூட்டைத் திறந்தாள். தாள் கைக்கு வந்தது. விளிம்பை மட்டும் பிடித்து மருந்துக்குள் தாழ்த்தினாள். குளிர் விரலைக் கடித்தது. வலக்கையால் பெட்டியின் ஓரத்தை மெல்லத் தூக்கி இறக்கினாள். மருந்து தாளின்மேல் தவழ்ந்து போய்த் திரும்பி வரும் சத்தம் கேட்டது.

முதல் சுற்று பாதியில்தான் அந்தக் குரல் வந்தது.

“றம்லா! ஏய் றம்லா! முருங்கையிலை கொண்டந்தனான்.”

விமலேஸ்வரி.

அந்த ஒழுங்கையில் முன்கதவு கிராம அலுவலருக்கும் அந்நியருக்கும். சொந்தக்காரரும் அயலும் குசினிக் கதவால் வருவார்கள். யாரும் தட்டுவதில்லை. பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே கால் வைப்பதுதான் வழக்கம். விளக்கு வைக்கும்வரை குசினிக் கதவு பூட்டப்படுவதில்லை. இன்றைக்கு றம்லா பூட்டியிருந்தாள்.

வாய் திறந்தால் எண்ணிக்கை போகும். போய்விடுவார், கீரையை வைத்துவிட்டுப் போய்விடுவார் என்று அவள் நினைத்தாள். மணி உருண்டது. நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது.

அவள் மறந்தது ஒன்று. மூன்று வருடத்துக்கு முன் இதே ஒழுங்கையில் ஒரு வீட்டுக் கதவு பகலில் பூட்டிக் கிடந்தது. ‘படுத்திருக்குதாக்கும்’ என்று ஊரே கடந்து போனது. விமலேஸ்வரியும் ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கடந்து போனவர்தான். பின்னேரம் கதவை உடைத்தபோது, உள்ளே நஞ்சு குடித்த பிள்ளையைக் காப்பாற்றப் பிந்திவிட்டது. அந்தப் பிள்ளையின் செத்தவீட்டில் விமலேஸ்வரி தலையில் அடித்துச் சொன்னதை ஒழுங்கை முழுவதும் கேட்டது. “இனி இந்தத் தெருவிலை பகலிலை ஒரு கதவு பூட்டிக் கிடந்தா, நான் உடைப்பன்!”

இரண்டாம் சுற்று தொடங்கியது. காலடிச் சத்தம் வீட்டைச் சுற்றியது. சன்னலடியில் நின்றது.

“ஐயோ, சன்னலுக்கெல்லாம் கம்பளி அடிச்சுக் கிடக்கு! இஞ்சருங்கோ! ஓடி வாங்கோ! என்னவோ புளிச்ச மணம் மணக்குது. வயித்தைப் பிரட்டுது!”

வினாகிரி! எண்ணிக்கையை விடாமல், இரண்டு தஸ்பீஹ் மணிக்கு இடையில் றம்லா வாயைத் திறந்தாள்.

“அக்கா! கதவைத் திறக்காதேங்கோ! இன்னும் கொஞ்ச நேரந்தான். எல்லாம் முடிஞ்சிடும்!”

சொன்ன பிறகுதான் அவளுக்கே விளங்கியது, வெளியே நிற்பவருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று. புருசனை இழந்தவள். இத்தா முடிந்து ஒன்பதாம் நாள். பூட்டிய வீடு. சன்னலுக்குக் கம்பளி. அதற்குள்ளிருந்து ஒரு குரல்.

விமலேஸ்வரி அலறிய அலறலில் வேலியிலிருந்த காகம் பறந்தது.

“அவள் என்னவோ செய்துபோட்டாளப்பா! நிண்டு விடுப்புப் பாக்கிறியளே? அலவாங்கை எடுங்கோ! உடையுங்கோ!”

“கத்தாதை, உடைக்கிறன்!” அப்புத்துரையின் குரல் குசினிக் கதவடிக்கு வந்தது. “பிள்ளை! பயப்பிடாதை பிள்ளை, வந்திட்டன்!”

மூன்றாம் சுற்று முடிந்தது. சுற்றுக் கணக்குக்காக வைத்திருந்த தீப்பெட்டிக் குச்சிகளில் மூன்றாவதையும் றம்லா வலப்பக்கம் ஒதுக்கினாள். குசினிக் கதவில் அலவாங்கு இடித்தது. ஒன்று. இரண்டு. ஒவ்வொரு இடிக்கும் பெட்டிக்குள் மருந்து தளும்பியது. அவள் கத்தினாள். அவர்களும் கத்தினார்கள். யாருடைய சொல்லும் யாருக்கும் கேட்கவில்லை. நாலாம் சுற்றின் நடுவில் கொண்டி பிய்ந்து நிலத்தில் விழும் சத்தம் கேட்டது. குசினிக்குள் வெயில் பாய்ந்திருக்கும். இனி இருவருக்கும் அவளுக்கும் இடையில் இந்த ஒரேயொரு அறைக் கதவு.

அப்புத்துரையின் தோள் கதவில் மோதியது. கம்பளி ஆடியது. சுருட்டி வைத்த பாய் விலகியது. கதவின் அடியில், கத்தி போல ஒரு வெளிச்சக் கோடு!

யா அல்லாஹ்!

பெட்டியின் மூடி எங்கே? கை துழாவியது. கிடைக்கவில்லை. தஸ்பீஹ் விரலிலிருந்து நழுவி எங்கேயோ உருண்டது. அவள் யோசிக்கவில்லை. பெட்டிமேல் குப்புற விழுந்தாள். நெஞ்சாலும் முக்காட்டாலும் இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். குண்டு விழுந்த காலத்தில் அவளுடைய உம்மா அவள்மேல் விழுந்து கிடந்ததைப் போல. மருந்து சட்டையை நனைத்தது. கதவு இன்னொரு தரம் அதிர்ந்தது.

“அண்ணை!” இருந்த மூச்செல்லாம் சேர்த்துக் கத்தினாள். “நீங்கள் அமத்தின படம் இதுக்குள்ளை கிடக்குது! அவர் கிடக்கிறார்! வெளிச்சம் பட்டா அழிஞ்சுபோவார் அண்ணை! தள்ளாதேங்கோ!”

கதவு நின்றது.

அப்புத்துரை மூச்சு வாங்குவது பலகைக்கு அங்கால் கேட்டது. அலவாங்கு மெதுவாக நிலத்தில் படுக்க வைக்கப்பட்டது.

“நீ சும்மா சொல்லி எங்களைப் பேய்க்காட்டேல்லையே?” விமலேஸ்வரி அழுதபடி கேட்டார். “நீ ஒண்டும் குடிக்கேல்லையே?”

“இல்லை அக்கா. அல்லாஹ்மேல ஆணை. அந்த மணம் வினாகிரி. படம் கழுவுறன்.”

“படம் கழுவுறாளாம்! எனக்கு இஞ்சை உயிர் போய் வந்திட்டுது!”

“கதவுக்குக் கீழை வெளிச்சம் வருது அண்ணை.”

“என்ரை சால்வையை வைச்சு அடைக்கிறன் பிள்ளை. விமலா, குசினிக் கதவைச் சாத்து. சாத்தடி!”

கோடு மெலிந்து, மறைந்தது. றம்லா நிமிர்ந்தாள். பெட்டியை அசைக்கத் தொடங்கினாள். ஆனால் எத்தனையாவது மணி? மூன்று குச்சி ஒதுக்கியாயிற்று. நாலாவது பாதி. அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் பெட்டிமேல் கிடந்தாள்? அசைக்காமல் கிடந்த மருந்து எவ்வளவு வேலை செய்திருக்கும்? முந்தி எடுத்தால் முகம் எழும்பாது. பிந்தினால் முகம் கரியாகும். அவரிருந்த காலத்தில் அவர் உள்ளே, அவள் கதவுக்கு வெளியே நின்று மணிக்கூடு பார்த்து நிமிடம் சொன்னவள். இன்றைக்கு அவள் உள்ளே.

நூற்றிருபது. மிச்சமிருக்கும் விநாடிக்கு மனது சொன்ன எண் அதுதான். அதைத்தான் நம்ப வேண்டும்.

“அக்கா, உங்கடை போனிலை விநாடி பாத்து நூற்றிருபது வரை எண்ணுவியளா? சத்தமா.”

“எனக்கு எண்ணிக்கை பிழைச்சுப் போமடி.”

“எண்ணுங்கோ அக்கா. பத்துக்கொருக்கா நான் கதவிலை தட்டுறன். நான் உயிரோடை இருக்கிறன் எண்டு உங்களுக்குத் தெரியும்.”

“ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு…”

“ஓடாதேங்கோ அக்கா!”

“என்ரை நெஞ்சு அடிக்கிற அடிக்கு இது மெதுவடி!”

“போனைப் பாத்து எண்ணு விமலா, உன்ரை நெஞ்சைப் பாத்து எண்ணாதை” என்றார் அப்புத்துரை.

பத்து. றம்லா வலக்கையால் பெட்டியை அசைத்தபடி இடக்கையால் பலகையில் தட்டினாள். இருபது. தட்டினாள். அறுபதில் விமலேஸ்வரியின் குரல் உடைந்தது, அப்புத்துரை எடுத்துக்கொண்டார். எண்பதில் இருவரும் சேர்ந்து எண்ணினார்கள். நூற்றிருபதில் றம்லா தாளைத் தூக்கி வினாகிரிக்குள் போட்டாள், பிறகு மூன்றாவது பெட்டிக்குள் போட்டாள். இன்னும் முந்நூறு எண்ணச் சொன்னாள். எண்ணினார்கள்.

பிறகு அவள் முக்காட்டைச் சரிசெய்து, கம்பளியைப் பிடுங்கி, கதவைத் திறந்தாள்.

வெளிச்சத்தில் கண் கூசியது. விமலேஸ்வரி பாய்ந்து வந்து அவளுடைய கன்னத்தில் ஓர் அறை விட்டார். அடுத்த கணம் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். “சொல்லிப்போட்டுச் செய்யேலாதே சனியன்! சொல்லிப்போட்டுச் செய்யேலாதே!”

“மாட்டன் அக்கா. இனிச் சொல்லாமச் செய்ய மாட்டன்.”

அப்புத்துரை அறைக்குள் வரவில்லை. வாசலில் நின்றபடி பெட்டியையே பார்த்தார். “பிள்ளை, அதிலை…”

றம்லா விளிம்பைப் பிடித்துத் தாளை உயர்த்தினாள். தண்ணீர் முழங்கையில் வழிந்தது. குசினிச் சன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். அவள் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ஐந்து மாதம் அவர் முகம் காணாதிருந்தவளுக்கு அந்த ஒரு கணத்தைத் தாங்க முடியவில்லை.

“ஆரடி இது?” விமலேஸ்வரி குனிந்தார். “கறுத்தத் தாடியோடை ஒரு இளந்தாரி நிக்கிறான்!”

றம்லா கண்ணைத் திறந்தாள். படம் கழுவியவர்களுக்குத் தெரியும், பிலிமில் வெள்ளை கறுப்பாகும், கறுப்பு வெள்ளையாகும். மஹ்றூப்பின் நரைத்த தாடி கரியாய் இருந்தது. வெள்ளைத் தொப்பி கறுத்திருந்தது. தாளின் கீழ்ப்பக்கத்தை வெளிச்சம் தின்றிருந்தது. முழங்காலுக்குக் கீழே எல்லாம் கறுப்பு, வரம்பும் இல்லை, காலும் இல்லை. ஆனால் அதற்கு மேலே மனிதர் நின்றார். ஒரு கையை முன்னால் நீட்டியிருந்தார். கை அசைந்ததில் விரல்கள் புகைபோலக் கலைந்திருந்தன. முகம் கலையவில்லை. வாய் திறந்திருந்தது. கண்ணோரச் சுருக்கம் ஒவ்வொன்றாக எண்ணலாம். புகைப்படத்துக்கு நிற்கும் முகமல்ல அது. இருபது வருடம் குசினி வாசலில் நின்று அவளோடு கதைத்த முகம்.

“நான் பிழையா அமத்திப்போட்டன்” என்றார் அப்புத்துரை. கண்ணீர் தாடையில் வழிந்தது. “வடிவா நிக்க முந்தி அமத்திப்போட்டன், பிள்ளை. கையும் ஆடிப்போச்சு.”

“அண்ணை, அவர் என்னவோ சொல்லிக்கொண்டு நிக்கிறார். என்ன சொன்னவர்?”

அப்புத்துரை சால்வையால் முகத்தைத் துடைத்தார். சொல்வதா விடுவதா என்று மனைவியைப் பார்த்தார்.

“‘அமத்தாதையும் ஐசே, பொறும்! றம்லா பாத்தா, தொப்பி கோணல் எண்டு என்னைக் கொல்லுவா’ எண்டவர்.”

றம்லா தாளைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். தொப்பி கோணலாகத்தான் இருந்தது.